கையால் கொடுத்த மூச்சு

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் உங்கள் மூச்சை எண்ணிப் பாருங்கள். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை மூச்சு விடுகிறார். மணிக்கு 900 முறை. எட்டு மணி நேரத்துக்கு 7,200 முறை. இதற்காக நாம் எந்த முயற்சியும் செய்வதில்லை. உறங்கும்போதும் அது தானே நடந்துகொண்டிருக்கிறது.

இந்த 7,200 மூச்சுகளையும் வேறொருவர் உங்களுக்குத் தர வேண்டியிருந்தால்? படுக்கையின் தலைமாட்டில் உட்கார்ந்து, கால்பந்தின் பிளாடர் போன்ற ஒரு ரப்பர் பையை ஒருவர் அமுக்கி அமுக்கி விட வேண்டும். அவர் கை சோர்ந்தால் உங்கள் மூச்சு சோரும். அவர் கண் அசந்தால் உங்கள் மூச்சு நிற்கும். எட்டு மணி நேரம் கழிந்ததும் இன்னொருவர் வந்து அதே பையை வாங்கிக்கொள்வார். இப்படி ஒரு நாளல்ல, இரண்டு நாளல்ல, வாரக்கணக்கில், மாதக்கணக்கில்.

இது கற்பனையன்று. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் நடந்தது. பையை அமுக்கியவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயது மருத்துவக் கல்லூரி மாணவர்கள்.

அந்நகரில் தொற்றுநோய்களுக்கென்று இருந்தது பிளெக்டாம் மருத்துவமனை. 1952 ஜூலை மாதக் கடைசியில் இளம்பிள்ளை வாத நோயாளிகள் அங்கு வந்து குவியத் தொடங்கினர். டிசம்பர் தொடக்கம் வரை சேர்க்கப்பட்டவர்கள் 2,722 பேர். உச்சக் கட்டத்தில் ஒரே நாளில் 50 பேர் வந்தனர். (இளம்பிள்ளை வாதம் என்ற பெயரைக் கேட்டு, பிள்ளைகளை மட்டுமே பிடிக்கும் நோய் என்று எண்ணிவிட வேண்டாம். பெரியவர்களும் வந்தார்கள்.) இவர்களில் 866 பேருக்குத் தசைகள் செயலிழந்தன. அந்த 866 பேரிலும் 316 பேருக்கு மூச்சு விடுவதிலோ விழுங்குவதிலோ கடுமையான இடர்ப்பாடு. தடுப்பூசி என்ற ஒன்று அப்போது கிடையாது. சால்க் தடுப்பூசி 1955இல்தான் வந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. உலக நாடுகளின் இளம்பிள்ளை வாத வல்லுநர்கள் கூடிய மாநாடு 1951 செப்டம்பரில் இதே கோபன்ஹேகனில்தான் நடந்திருந்தது. ஓராண்டுக்குள், அந்நகரின் தொற்றுநோய் மருத்துவமனையில் மூச்சுக்கு உதவ இருந்த கருவிகள் எத்தனை தெரியுமா? ஓர் இரும்பு நுரையீரல். ஆறு மார்புக் கவசக் கருவிகள். மொத்தம் ஏழு!

இரும்பு நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் பின்னால் வரும் கதை விளங்காது.

என் வகுப்பில் மாணவர்களை ஒரு கேள்வி கேட்பதுண்டு: இளநீரைக் குழாய் வைத்துக் குடிக்கும்போது அது ஏன் மேலே வருகிறது? "நாம் உறிஞ்சுகிறோம், அதனால் வருகிறது" என்பார்கள். உறிஞ்சுதல் என்று ஒரு விசை இயற்பியலில் இல்லை. வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறோம். வெளியிலுள்ள காற்று மண்டலம் இளநீரை மேலே தள்ளுகிறது. அவ்வளவுதான். மூச்சும் அப்படியே. உதரவிதானம் கீழிறங்க, விலா எலும்புகள் விரிய, நுரையீரலுக்குள் அழுத்தம் ஒரு சில சென்டிமீட்டர் நீரளவு குறைகிறது. காற்று மண்டலத்தின் அழுத்தமோ ஆயிரம் சென்டிமீட்டர் நீருக்கும் மேல். அதில் ஆயிரத்தில் சில பங்கு வேறுபாடே நமக்கு உயிர் தருகிறது! அந்தச் சிறு வேறுபாட்டை உண்டாக்கும் தசைகளுக்கு நரம்பு வழியே கட்டளை வராமல் செய்துவிடுகிறது இளம்பிள்ளை வாதம்.

தசை செய்யாததைப் பெட்டி செய்யட்டும் என்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டிரிங்கர், ஷா ஆகிய இருவர் எண்ணினர். தலை மட்டும் வெளியே தெரிய, நோயாளியை ஓர் இரும்பு உருளைக்குள் படுக்க வைத்து, உருளைக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்தும் கூட்டியும் மார்பை விரியவும் சுருங்கவும் செய்தனர். 1928இல் பாஸ்டன் நகரில் முதன்முதலாக ஒரு சிறுமிக்கு இது பயன்பட்டது. மார்புக் கவசக் கருவி இதன் சிறு வடிவம். மார்பை மட்டும் மூடிக்கொள்வது.

நல்ல கருவிதான். ஆனால் கோபன்ஹேகனில் நோய் பலருக்கு முகுளத்தையே தாக்கியிருந்தது. முகுளம் கெட்டால் விழுங்க முடியாது, இரும முடியாது. எச்சிலும் சளியும் தொண்டையில் தேங்கும். இந்த நிலையில் மார்பை வெளியிலிருந்து விரித்தால் என்ன ஆகும்? காற்றோடு சேர்ந்து அந்த நீரும் நுரையீரலுக்குள் தள்ளப்படும். கருவி ஒழுங்காக வேலை செய்தும் நோயாளி இறந்தார்.

முதல் மூன்று வாரங்களில் இத்தகைய கருவிகளில் வைக்கப்பட்டவர்கள் 31 பேர். அவர்களில் 27 பேர் இறந்தனர்.

இந்த எண்ணிக்கையை மருத்துவர்களின் பக்கமிருந்தும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். வேலைக்கு வரும் ஒருவர், தாம் அறிந்த சிறந்த மருத்துவத்தைச் செய்கிறார். பத்துக்கு ஒன்பது பேர் இறக்கிறார்கள். மறுநாள் காலை மீண்டும் 50 பேர் வாசலில் நிற்கிறார்கள். நோய் இன்னும் ஏறுமுகத்தில் இருக்கிறது. தலைமை மருத்துவர் லாசென் அத்துறையில் பெயர் பெற்ற பேராசிரியர். 1953 ஜனவரியில் லான்செட் இதழில் அவர் எழுதிய அறிக்கையில், தங்களுக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தவற்றில் மிகக் கொஞ்சமே தெரிந்துவைக்கத் தக்கதாக இருந்தது என்ற கருத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். பெரிய பதவியில் இருப்பவர்கள் அச்சில் இப்படி எழுதுவது அரிது.

அவருக்குக் கீழே பணியாற்றிய பியோர்னபோ என்ற மருத்துவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சில காலத்துக்கு முன்பு, இசிவு நோய் கண்ட ஒரு பச்சிளங் குழந்தைக்கு மருத்துவம் செய்தபோது இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் அவருடன் இருந்தார். தசைகளைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்துவிட்டு, குழந்தையின் மூச்சைத் தம் கையாலேயே நடத்தினார் இப்சன். அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன?

இன்று இது எளிய யோசனையாகத் தோன்றும். அன்று அப்படியில்லை. மயக்க மருந்தியல் அப்போதுதான் தனித் துறையாக உருப்பெற்று வந்தது. மயக்க மருந்து நிபுணரின் இடம் அறுவைக் கூடம். அதன் வாசலைத் தாண்டி, ஒரு பேராசிரியரின் வார்டுக்குள் வந்து யோசனை சொல்லும் வழக்கம் இல்லை. பியோர்ன் இப்சனுக்கு அப்போது வயது 36. அமெரிக்காவில் ஓராண்டு பயின்று திரும்பியவர்; நிலையான பதவியில்லாமல் அழைக்கும் இடத்துக்குச் சென்று பணி செய்துவந்தவர். லாசென் முதலில் தயங்கினார் என்றே தெரிகிறது. ஆனால் தயக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. 27 மரணங்களுக்கு முன்னால் யார் பெரியவர் என்ற பேச்சுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்?

1952 ஆகஸ்டு 25 அன்று லாசென், பியோர்னபோ, இப்சன், ஆய்வுக்கூடத் தலைவர் ஆஸ்ட்ரூப் ஆகியோர் கூடிப் பேசினார்கள். இறந்தவர்களின் நுரையீரல்களை இப்சன் பார்த்தார். மூச்சுக்கே உதவாத அளவுக்கு அவை கெட்டிருக்கவில்லை. அப்படியானால் இவர்கள் ஏன் இறந்தார்கள்?

இங்கேதான் இரு வேறு துறையினர் ஒரே பொருளைப் பார்த்து இரு வேறு விதமாகப் படிப்பதைக் காண்கிறோம். நோயாளிகளின் இரத்தத்தில் கரியமில வாயுவின் மொத்த அளவு மிகுந்திருந்தது. இரத்தத்தில் கரியமில வாயு பெரும்பாலும் பைகார்பனேட்டாக மாறியே இருக்கும். பைகார்பனேட் காரத்தன்மை உடையது. ஆகவே இரத்தம் காரமாகிவிட்டது என்று அங்கிருந்த மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். இப்சன் வேறொன்று சொன்னார்: வெளியேற வேண்டிய கரியமில வாயு வெளியேறாமல் தங்கினாலும் இதே எண் வரும், அப்போது இரத்தம் காரமல்ல, அமிலம்! வியர்வையில் நனைந்த தோல், ஏறிய இரத்த அழுத்தம் இவற்றையெல்லாம் மூளையை நோய் அரிப்பதன் அறிகுறியாக மற்றவர்கள் கண்டார்கள். அறுவைக் கூடத்தில் மூச்சுக் குறைந்த நோயாளிகளிடம் இதே அறிகுறிகளை நாள்தோறும் கண்டவர் இப்சன். ஆக்சிஜன் கொடுத்துவந்ததால் உடல் நீலம் பாரிக்கவில்லை. அதனால் மூச்சு போதுமானதாக இருப்பதாகத் தோன்றியது. ஆக்சிஜன் உள்ளே போவது ஒரு வேலை, கரியமில வாயு வெளியே வருவது இன்னொரு வேலை. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடப்பதாகக் கொள்ள முடியாது.

மருத்துவம் என்னவென்றும் அவரே சொன்னார். தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழலில் துளையிட்டு, சுற்றிலும் காற்று கசியாதபடி ஊதிப் பெருகும் வளையமுள்ள ஒரு குழாயைச் செருக வேண்டும். அதன் மறுமுனையில் ரப்பர் பையைப் பொருத்தி, கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்த வேண்டும். இனி வெளியிலிருந்து மார்பை விரிக்க வேண்டியதில்லை. கொல்லன் துருத்தியைப் போல நேரே உள்ளே ஊதிவிடலாம். வளையம் இருப்பதால் எச்சிலும் இறங்காது. அறுவைக் கூடத்தில் இது அன்றாட வேலை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பவர், பென்னட் என்னும் இருவர், நேரே உள்ளே ஊதும் முறையை இரும்பு நுரையீரலோடு சேர்த்துச் செய்து பயன் கண்டிருந்ததையும் இப்சன் படித்திருந்தார்.

ஆகஸ்டு 27 அன்று சோதனை. 12 வயதுச் சிறுமி ஒருத்தி. நான்கு கைகால்களும் செயலிழந்து, கடும் காய்ச்சலோடு, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். துளையிட்டுக் குழாய் பொருத்தியாயிற்று. ஆனால் பையை அமுக்கினால் காற்று உள்ளே போக மறுத்தது. சிறுமி போராடினாள், மூச்சுக்கிளைகள் இறுகிப் போயின. நிலைமை மோசமாயிற்று. பார்க்க வந்திருந்த மருத்துவர்கள் நம்பிக்கை இழந்து விலகத் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள். இப்சன் பென்டதால் என்ற மயக்க மருந்தைச் செலுத்தினார். போராட்டம் அடங்கியது. பை அமுங்கியது, மார்பு உயர்ந்தது. சளியை உறிஞ்சி எடுத்தார்கள். தோலின் நிறம் திரும்பியது. ஏறியிருந்த இரத்த அழுத்தம் இறங்கியது.

அதன் பிறகு இப்சன் செய்ததை ஓர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் வியக்கிறேன். மனிதன் என்ற முறையில் சற்று நடுங்கவும் செய்கிறேன். பையை எடுத்துவிட்டு, சிறுமியைப் பழையபடி மார்புக் கவசக் கருவியில் வைத்தார். கரியமில வாயு மீண்டும் ஏறியது. வியர்வையும் இரத்த அழுத்தமும் திரும்பின. மறுபடி பைக்கு மாற்றினார். அவை மறைந்தன. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைக்கும் சோதனை! அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

ஆஸ்ட்ரூப் தம் பங்குக்கு, கோபன்ஹேகனிலேயே இருந்த ரேடியோமீட்டர் நிறுவனத்திலிருந்து பி.எச். அளக்கும் கருவியைக் கொண்டுவந்து இரத்தத்தை அளந்தார். பி.எச். என்ற அளவையே 1909இல் அதே நகரிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரென்சன் வகுத்ததுதான். இரத்தத்தின் பி.எச். இயல்பாக 7.4, நோயாளிகளின் இரத்தம் அதைவிடத் தாழ்ந்து, அமிலமாகவே இருந்தது. இப்சன் சொன்னது சரியாயிற்று. (பி.எச். 0.3 இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் இரு மடங்காகும். மடக்கை எண்ணை அட்டவணையில் தேடிப் படிப்பது வீண் என்று நினைக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

மருத்துவம் கிடைத்துவிட்டது. ஆனால் பைகளை யார் அமுக்குவது?

ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் 24 மணி நேரமும் ஒரு கை வேண்டும். ஒரே சமயத்தில் 70 நோயாளிகள் வரை இப்படி இருந்தார்கள். மயக்க மருந்து நிபுணர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். லாசென் மருத்துவ மாணவர்களை அழைத்தார். நாள்தோறும் சுமார் 200 மாணவர்கள் முறை வைத்து வந்தனர். மொத்தத்தில் பணியாற்றியவர்கள் சுமார் 1,500 பேர். அவர்கள் பை அமுக்கிய நேரம் 1,65,000 மணி. ஒரே மனிதன் இரவு பகல் ஓயாமல் அமுக்கியிருந்தால் 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். நிமிடத்துக்கு 15 என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 15 கோடி மூச்சு!

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பையில் பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஜன். நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவை வாங்கிக்கொள்ள இடையில் சோடா சுண்ணம் நிரப்பிய ஒரு டப்பா. அமுக்கு, விடு, மார்பு எழுகிறதா பார். இவ்வளவே பாடம். மீதியைக் கையே கற்றுக்கொண்டது. பை கடினமாக இருந்தால் எங்கோ சளி அடைத்திருக்கிறது. சட்டென இளகினால் குழாய் நழுவியிருக்கலாம். செவிலியர்கள் சளியை உறிஞ்சி எடுத்து, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, ஓயாமல் சுற்றிவந்தார்கள்.

நோயாளிகளில் பலர் நினைவோடு இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. கழுத்தில் குழாய் இருப்பதால் பேச முடியாது. கை அசையாது. கண் மட்டும் பேசும். சிறுவன் ஒருவனின் தலைமாட்டில் ஒரு மாணவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால், அவன் கண் என்ன கேட்கிறது என்பது சில நாட்களில் தெரிந்துவிடும். ஒரு கையில் பை, மறு கையில் கதைப் புத்தகம் என்று படித்துக் காட்டியவர்கள் உண்டு.

இந்த மாணவர்களின் மனநிலையைப் பற்றிப் பிற்காலத்தில் அவர்களே சொன்ன சில செய்திகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்று என் நெஞ்சை விட்டு அகலவில்லை. நோயாளிகள் உறங்க வேண்டுமென்பதற்காக இரவில் வார்டில் விளக்குகளை மங்க வைப்பார்கள். மாணவர் இருட்டில் பையை அமுக்கிக்கொண்டிருப்பார். மார்பு எழும், தாழும். விடிந்து வெளிச்சம் வந்ததும்தான் தெரியும், தாம் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் இறந்து சிறிது நேரம் ஆகிவிட்டதென்று.

இயற்பியலின்படி இதில் புதிர் எதுவுமில்லை. மார்பை எழுப்புவது பையின் அழுத்தம். உயிர் உண்டா இல்லையா என்று அழுத்தத்துக்குத் தெரியாது. நாடியைத் தொட்டுக்கொண்டே இருக்க இன்னொரு கை இல்லை. இதயத் துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் கருவி பக்கத்தில் இல்லை. இந்த விளக்கத்தை அந்த இருபது வயது மாணவரிடம் சொல்லியிருந்தால் அவர் மனம் ஆறியிருக்குமா? "நான் எங்கே தவறினேன்?" என்றுதான் கேட்டிருப்பார். அவர் தவறவில்லை. ஆனால் அதை அவரிடம் எடுத்துச் சொல்லவென்று அங்கே யாரும் நியமிக்கப்படவில்லை.

உடல் சோர்வுக்கு வழி செய்திருந்தார்கள். முறை இத்தனை மணி நேரம் என்ற வரையறை இருந்தது, இடையிடையே மாற்றிவிட ஆள் இருந்தது, ஊதியமும் உண்டு. இவை சலுகைகள் அல்ல. சோர்ந்த கை தாளம் தவறும். தாளம் தவறினால் நோயாளிக்குக் கேடு. ஆகவே மாணவரின் ஓய்வு நோயாளியின் மருத்துவத்தில் ஒரு பகுதியாகவே இருந்தது. இதை லாசெனும் இப்சனும் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது என் கருத்து. மனச் சோர்வுக்கு அப்படி ஒரு முறை வகுக்க அக்காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, தாங்களும் தடுப்பூசி இல்லாதவர்கள் என்ற அச்சம். நோய்க்கிருமியை வீட்டுக்குச் சுமந்து சென்று தம்பி தங்கையருக்குக் கொடுத்துவிடுவோமோ என்ற கவலை. மரணத்தைக் கண்டு, இனி வர இயலாது என்று விலகிய மாணவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. மறுநாளும் வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் வியப்பு.

ஒருவேளை, பக்கத்துப் படுக்கையில் இன்னொரு மாணவர் அதே பையோடு உட்கார்ந்திருந்ததால் இருக்கலாம். பேராசிரியர், ஆய்வுக்கூடத்தார், செவிலியர், மாணவர் என எல்லோரும் ஒரே வார்டில் ஒரே வேலைக்காக நின்றார்கள். இரத்தத்தின் பி.எச். இவ்வளவு என்று ஆய்வுக்கூடத்திலிருந்து செய்தி வந்தால், எவ்வளவு வேகமாக அமுக்க வேண்டும் என்பது அப்போதே மாணவருக்குச் சொல்லப்பட்டது. தான் அமுக்கியது சரியா என்பதற்கு ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்தால், அதற்காகவே இன்னும் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

பலன் என்ன? நூற்றுக்கு 87 என்றிருந்த இறப்பு ஏறத்தாழ 40க்கு இறங்கியது. நாள் செல்லச் செல்ல இன்னும் குறைந்தது. மருந்து எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. நோய்க்கிருமியை யாரும் வெல்லவில்லை. உடல் தானே தேறும்வரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவே.

கைகளுக்குப் பதிலாகப் பொறிகள் விரைவில் வந்தன. சுவீடன் நாட்டு எங்ஸ்ட்ரோம் வடிவமைத்த கருவி, பையின் வேலையை மின் மோட்டாரைக் கொண்டு செய்தது. ஆஸ்ட்ரூப் இரத்தத்தின் அமில-கார நிலையை விரைவாக அளக்கும் முறையை வகுத்தார். இன்று பெரிய மருத்துவமனைகளில் சில நிமிடங்களில் முடிவு தரும் கருவிகள் அந்த வழியில் வந்தவையே. இப்சன் 1953 டிசம்பரில் கோபன்ஹேகன் நகராட்சி மருத்துவமனையில், எந்த நோயாயினும் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களை ஒரே இடத்தில் வைத்து இரவு பகல் கவனிக்கும் ஒரு பிரிவைத் தொடங்கினார். தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் அழைப்பதன் தொடக்கமாக அதையே பலரும் கொள்கிறார்கள். அவர் 2007 வரை வாழ்ந்தார்.

ஆகஸ்டு 27 அன்று முதன்முதலாகப் பையில் மூச்சு வாங்கிய அந்தச் சிறுமியும் பிழைத்தாள். கைகால்கள் திரும்பவில்லை, தானே மூச்சு விடவும் முழுமையாக இயலவில்லை. பல ஆண்டுகள் மருத்துவமனையில் கழித்துவிட்டுத் தாயுடன் வீடு திரும்பினாள். 1971இல் அவள் இறந்தபோது, அந்த இலையுதிர் காலத்தில் பை அமுக்கிய மாணவர்கள் நாற்பது வயதை ஒட்டிய மருத்துவர்களாக இருந்தார்கள்.